சங்கு ஊதாத வேலை

சென்ற ஆண்டு மகளிர் தினத்தையொட்டி நம் பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டியில் "பெண்ணின் பெருமை" என்ற தலைப்பில் பேசி முதற்பரிசு பெற்றவள் நான். உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். "அடுக்களையில் அன்னபூரணி, அலுவலகத்தில் அதிகாரி, பத்துக் கைகள் படைத்தவள், களைப்பு என்னும் சொல்லை அறியாதவள்" என்றெல்லாம் நான் அடுக்கிக்கொண்டு போனபோது அரங்கமே கைதட்டியது. பெற்றோர் அமர்ந்திருந்த வரிசையில் ஒருவர் மட்டும் தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கிக் கொண்டிருந்தார். அவர் என் தாயார்.

அம்மா இந்நகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். அன்று இரவுப் பணி முடித்து, வார்டை அடுத்தவரிடம் ஒப்படைத்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பள்ளிக்கு வந்திருந்தார். எனக்கு வந்ததோ கோபம். பக்கத்தில் இருந்த தோழியின் தாயார் பார்த்துவிட்டாரே என்ற வெட்கம் வேறு. இரண்டு நாள் அம்மாவுடன் நான் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க நேரமில்லை என்பதே சரி.

அந்தப் பேச்சை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். கோப்பை அலமாரியிலேயே இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் அம்மாயி இருக்கிறார். அம்மாவைப் பெற்றவர். இளமையில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ரீலிங் பிரிவில் வேலை பார்த்தவர். நம் கோவையின் கதையே மில்களின் கதைதான் என்று சமூகவியல் ஆசிரியை சொல்லியிருக்கிறார்கள். 1888இல் ஸ்டேன்ஸ் துரை முதல் மில்லைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பின் மில்கள் பெருகின. மில்லுக்கு ஒரு சங்கு. ஊரில் கடிகாரம் இல்லாத வீடுகளும் அந்தச் சங்கைக் கேட்டு அடுப்பு மூட்டின என்பார் அம்மாயி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைக்கு எல்லை வகுத்தது. இரவு 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரையில் பெண்களை ஆலையில் வேலை வாங்கலாகாது என்றும் அதில் இருந்தது.

"சங்கு ஊதுச்சுன்னா வேல முடிஞ்சுது கண்ணு. அதுக்கப்பறம் மேஸ்திரியே கூப்புட்டாலும் நிக்க மாட்டம். தூக்குப்போசிய எடுத்துட்டு வந்துட்டே இருப்பம்" என்று அம்மாயி சொல்வதுண்டு. அந்தப் பேச்சுப் போட்டிக்குப் பிறகு ஒரு நாள் இதையே சொல்லிவிட்டு, "உங்கம்மாளுக்குத்தான் ஊதறதுக்குச் சங்கே இல்லியே" என்றார். அம்மா அப்போது ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டு, மறு கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்டின் வாட்ஸ்அப் குழுவில் நாளைக்கு யாரோ வரவில்லையாம். யார் வர முடியும் என்ற கேள்வி. நாளை அம்மாவுக்கு விடுமுறை நாள். தோசை கருகிவிட்டது. நான்தான் முகத்தைச் சுளித்தேன்.

படித்து உத்தியோகம் பார்க்கும் பெண்களின் களைப்பு பற்றி நாட்டையே பேச வைத்த நிகழ்ச்சி ஒன்று 2024இல் நடந்தது. கொச்சியைச் சேர்ந்த அன்னா செபாஸ்டியன் என்னும் 26 வயதுப் பெண் பட்டயக் கணக்கர் தேர்வில் வென்று, அவ்வாண்டு மார்ச் மாதம், புனே நகரில் ஈ.ஒய். என்னும் உலகப் பெருநிறுவனத்தைச் சேர்ந்த அலுவலகத்தில் பணியில் சேர்ந்தார். ஜூலை 20ஆம் நாள் இறந்துபோனார். நான்கு மாதந்தான். செப்டம்பரில் அவருடைய தாயார் நிறுவனத்தின் இந்தியத் தலைவருக்கு எழுதிய கடிதம் வெளியாயிற்று. இரவிலும் விடுமுறை நாளிலும் வேலை வந்துகொண்டே இருந்தது, மகள் சோர்ந்து படுக்கையில் விழுவாள், அப்போதும் கேள்விகள் வரும் என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். பட்டமளிப்பு விழாவுக்குத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் பெற்றோரை அழைத்துப் போக வேண்டும் என்பது மகளின் நெடுநாள் ஆசையாம். விமானச் சீட்டும் அவளே வாங்கினாளாம். விழா நாளன்றும் வேலை விடவில்லை. தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

வேலைப்பளு அவர் உயிரைப் பறித்திருக்கும் என்று தாம் நம்பவில்லை என்றார் நிறுவனத்தின் தலைவர். இறப்பின் காரணத்தைத் தீர்ப்பது மருத்துவரின் வேலை. பதினைந்து வயதுப் பெண்ணாகிய நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. மகாராஷ்டிரத் தொழிலாளர் துறையினர் அந்த அலுவலகத்தைச் சோதித்தபோது, 2007 முதல் அது கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறாமலே நடந்து வந்ததாக அத்துறை அதிகாரி கூறினார். நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அப்போது எல்லை வைத்திருந்த சட்டம் அது. அம்மாயி வேலை பார்த்த மில்லுக்கு இருந்த சங்கு, குளிர்சாதனம் பொருத்திய கண்ணாடிக் கட்டடத்துக்கு இல்லாமல் போயிற்று! மனவலிமையைப் பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று அப்போது சிலர் அறிவுரை சொன்னார்கள். பட்டயக் கணக்கர் தேர்வை எழுதித் தேறிய பெண்ணுக்கு மனவலிமை குறைவு என்று எப்படிச் சொல்லத் துணிந்தார்களோ, தெரியவில்லை.

இப்படித் தேய்ந்து போவதற்கு ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்று பெயர். எண்ணெய் தீர்ந்த பின் திரி எரிவது போல என்று நாம் வைத்துக்கொள்ளலாம். 1974இல் நியூயார்க்கில் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர் இதைப் பற்றி முதன்முதல் கட்டுரை எழுதினார். அவர் பகலெல்லாம் தம் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் சேவை செய்தவர். அங்கே தம்முடனிருந்த தொண்டர்களும், ஏன், தாமும் இவ்வாறு கருகியதைக் கண்டு எழுதினார். நம்மைப் போன்ற பள்ளியில் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பணத்தாசை பிடித்தவர்களைக் கண்டு அவர் எழுதவில்லை. பிறருக்காக உழைத்த நல்லவர்கள்தாம் முதலில் கருகினார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு இலக்கணம் வகுத்தது. சக்தி முழுதும் வற்றிப்போதல், வேலையின்மேல் வெறுப்பும் விலகலும், எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம், இவை மூன்றும் அடையாளங்கள். இது நோயன்று, சரிவரக் கையாளப்படாத நீண்ட நாள் பணியழுத்தத்தின் விளைவு என்றும் சொன்னது. நன்று. ஆனால் அதே இலக்கணத்தில், இச்சொல்லைப் பணியிடத்தைப் பற்றி மட்டுமே வழங்க வேண்டும், வாழ்க்கையின் மற்றப் பகுதிகளுக்கு வழங்கலாகாது என்றும் ஒரு வரி இருக்கிறது. இங்கேதான் எனக்கு வழக்கு. என் தாயார் காலை எட்டு மணிக்கு வார்டை விட்டு வெளியே வந்தால், மருத்துவமனைக் கணக்குப்படி அவருடைய பணியிடம் முடிந்தது. வீட்டுப் படியேறினால் பாத்திரம், துணி, தம்பியின் வீட்டுப்பாடம், அம்மாயியின் மாத்திரை. அந்தக் களைப்புக்கு எந்த அகராதியில் பெயர் தேடுவது?

கணக்குக் கேட்பவர்களுக்கு அரசாங்கமே கணக்கு வைத்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணிக்கு ஒன்றரை மணி. 2019ஆம் ஆண்டு ஆய்வில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்தாண்டில் பெண்களின் பாரம் பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று நான் மகிழ்ந்தேன். பார்த்தால் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! மிக்ஸியும் வாஷிங் மெஷினும் செய்த உதவியோ என்னவோ, அப்பாக்கள் செய்ததாகத் தெரியவில்லை. (இந்த வரியை அப்பாவிடம் படித்துக் காட்டி அனுமதி பெற்றுவிட்டேன்.)

அப்பாக்கள் களைப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. வாரத்துக்கு 55 மணிக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நீண்ட நேர வேலையால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி ஆண்களுடையவை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் களைத்து வரும் ஆணுக்கு நாற்காலியும் காப்பியும் காத்திருக்கின்றன. அந்தக் காப்பியைப் போடுபவரும் களைத்துத்தான் வந்திருக்கிறார்.

2020 மார்ச் 22ஆம் தேதி மாலை 5 மணியை மறந்திருக்க மாட்டீர்கள். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி சொல்ல நாடே கைதட்டியது. நான் அப்போது நான்காம் வகுப்பு. மொட்டை மாடியில் நின்று கரண்டியால் தட்டைத் தட்டினேன். தட்டு நெளிந்துவிட்டது, அத்தனை பெருமை எனக்கு. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2017 நவம்பரில், தமிழக அரசின் ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் அமர்ந்து போராடியபோது அவர்கள் வாங்கிக்கொண்டிருந்த மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். அந்த நாளில் எவரும் மாடிக்கு வந்து தட்டைத் தட்டியதாகக் கேள்விப்படவில்லை.

கைதட்டல் இலவசம். அதனால்தான் அதைத் தாராளமாகக் கொடுக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். "எப்படித்தான் இரண்டையும் சமாளிக்கிறாளோ!" என்று வியப்பவர்கள், வியந்துவிட்டுத் தங்கள் தட்டையும் அவள் முன்னால் நீட்டுகிறார்கள். நான் மேடையில் செய்ததும் அதுவே. களைப்பே அறியாதவள் என்று ஆயிரம் பேர் நடுவில் மகளே முழங்கிய பிறகு, எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று எந்தத் தாய் வாய் திறப்பாள்?

மருத்துவமனையிலும் இதை உணராமல் இல்லை. மன அழுத்தத்தை வெல்வது எப்படி என்று செவிலியருக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். மூச்சுப் பயிற்சி, நேர நிர்வாகம், எப்போதும் புன்னகை. வைத்தது அம்மாவின் வார விடுமுறை நாளில். வராதவர்கள் விளக்கம் எழுதித் தர வேண்டும். அம்மா போய்ப் புன்னகை செய்துவிட்டு வந்தார்.

நம் விவிலியத்தில் இறைவாக்கினர் எலியாவின் கதை வருகிறது. அரசர்கள் புத்தகத்தில், அவர் பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் விழுந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அப்போது வானதூதர் என்ன செய்தார்? நம்பிக்கையில் தளரலாமா என்று கடிந்துகொண்டாரா? சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்தார். எலியா உண்டு, குடித்து, மறுபடியும் படுத்துத் தூங்கினார். வானதூதர் தூங்க விட்டார்; பின்னர் மீண்டும் வந்து உணவு கொடுத்தார். மலைக்குப் போவது, பணியைத் தொடர்வது எல்லாம் அதற்கப்புறந்தான். மார்த்தாளைப் பற்றியும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மரியாள் ஆண்டவரின் காலடியில் அமர்ந்தது நல்ல பங்கு என்பதில் ஐயமில்லை. மார்த்தாள் கேட்டதும் கூட ஒத்தாசைக்கு ஓர் ஆள்தானே! மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டபோது சிஸ்டர் சிரித்துவிட்டு, "எழுந்து போய் எல்லாருமே சேர்ந்து சமைத்திருந்தால் மார்த்தாளும் உட்கார்ந்திருப்பாள்" என்றார்கள். அந்தப் பதிலை நான் மறக்கவில்லை.

நம் அருட்சகோதரிகளின் மடத்தில் மணி உண்டு. மணி ஒலித்தால் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுச் சிற்றாலயத்துக்குப் போவது ஒழுங்கு. ஆண்டுக்கொரு முறை தியானத்துக்கும் போகிறார்கள். (ஆனாலும் அலுவலக அறையில் இரவு பத்து மணிக்கு விளக்கு எரிவதை விடுதி மாணவிகள் கண்டிருக்கிறார்கள்.) 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதிய தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில், மனம் மழுங்கி உடல் தேயும் அளவுக்கு வேலை வாங்குவது நீதியன்று என்ற கருத்து இருக்கிறது. ஓய்வு என்பது சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு அன்று. திருச்சபையே அதை உழைப்பவரின் உரிமையாகச் சொல்லி நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

உரிமையைக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் நம் மாநிலத்தில் சான்று இருக்கிறது. ஒப்பணக்காரத் தெருவிலும் கிராஸ்கட் சாலையிலும் ஜவுளிக் கடைப் பெண்கள் நாள் முழுதும் நின்றுகொண்டே புடவை விரித்ததை நாம் பார்த்திருக்கிறோம். கேரளம் 2018இலும் தமிழகம் 2021இலும் அவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் செய்தன. உட்காருவதற்கும் சட்டம்! 2023 ஏப்ரலில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. வேலை நேரம் முடிந்த பின் வரும் அழைப்புக்கு ஊழியர் பதில் சொல்லத் தேவையில்லை என்று பிரான்சு 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டம் கொண்டுவந்தன. நம் மக்களவையில் 2018இல் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆகியிருந்தால் அம்மாவின் தோசை கருகியிருக்காது.

இத்தனை தொல்லை எதற்கு, வேலையை விட்டுவிட்டால் என்ன என்று எங்கள் உறவினர் சிலர் சொல்வதுண்டு. அம்மாவிடம் நானே ஒரு முறை கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாள் நினைவின்றிக் கிடந்த ஒரு பெரியவர் கண் விழித்து முதன்முதல் "தண்ணி குடு ஆத்தா" என்று தம்மைக் கேட்டதைச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஒளியை நான் எங்கள் அடுக்களையில் கண்டதில்லை. வேலையைப் பறித்துவிட்டு ஓய்வு கொடுப்பது, காலை வெட்டிவிட்டுச் செருப்புக் கடியிலிருந்து காப்பாற்றுவது போலத்தான்.

சட்டங்கள் வரும்போது வரட்டும். அம்மாயியிடம் மில் சங்கைப் பற்றி மேலும் கேட்டேன். "அப்ப வீட்டுக்கு வந்ததும் உட்காருவீங்களா அம்மாயி?" சிரித்தார். "எங்கெ உக்கார்றது? தெருக்குழாய்ல தண்ணி புடிக்கோணும், அடுப்புப் பத்த வெக்கோணும். ஊட்டுக்குள்ள எந்தக் காலத்துல கண்ணு சங்கு ஊதுச்சு?" என்றார். மில்லின் சங்கைச் சட்டம் காத்தது. வீட்டுச் சங்கை எந்த இன்ஸ்பெக்டரும் வந்து சோதிக்கப் போவதில்லை. அதை ஊத வேண்டியவர்கள் அந்த வீட்டில் உண்பவர்கள்தாம்.

ஆகவே எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு. இரவு எட்டரைக்கு மேல் அம்மா அடுக்களைக்குள் வரக்கூடாது. பாத்திரம் அப்பா, சிறுவாணித் தண்ணீர் பிடித்து வைப்பது தம்பி, மறுநாளைக்குக் காய் நறுக்குவது நான். முதல் வாரம் அம்மாவுக்கு உட்காரவே தெரியவில்லை. எழுந்து எழுந்து வந்து, உப்பு எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். வாட்ஸ்அப் குழுவை நிறுத்த எங்களால் முடியவில்லை. இரவில் கைபேசியை அம்மாயி தம் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். அவரிடம் கேட்டு வாங்க இன்னும் எவருக்கும் துணிவு வரவில்லை.

சனிக்கிழமை இரவுப் பணி இருந்தால், அம்மா ஞாயிறு காலை நேரே கோவிலுக்கு வந்து திருப்பலி கண்டுவிட்டு, வீட்டுக்கு வந்து படுப்பார். அன்று மதியம் என் சமையல். அரிசிம்பருப்புச் சாதம் ஒன்றுதான் எனக்கு வரும். குக்கரில் வைத்தால் விசில் சத்தத்துக்கு அம்மா விழித்துக்கொள்கிறார் என்று, அம்மாயி சொல்லிக்கொடுத்தபடி போசியில் வைத்துக் கிளறுகிறேன். முதல் முறை அடி பிடித்துவிட்டது. தம்பி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். அம்மா எழுந்து வந்தபோது மணி மூன்று.